எதிராளிக்கு விழுந்த இரட்டை ஆறு

இணையத்தில் ஆடிய, ஏழு புள்ளிகளுக்கான பேக்கேமன் போட்டி அது. இருவரும் ஆறுக்கு ஆறு என்று நின்றோம். கடைசி ஆட்டத்தில் என்னிடம் இரண்டே காய்கள் மிச்சமிருந்தன. இரண்டும் வெளியேறும் விளிம்பை ஒட்டிய முதல் கட்டத்தில் இருந்ததால், பகடை இன்னொரு முறை என்னிடம் வந்தால் போதும், எந்த எண் விழுந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். எதிராளியிடம் நான்கு காய்கள் இருந்தன: இரண்டு ஆறாம் கட்டத்தில், இரண்டு ஐந்தாம் கட்டத்தில். அந்த நான்கையும் ஒரே முறையில் வெளியே எடுக்க இரட்டை ஆறு ஒன்றால்தான் முடியும். இரண்டு பகடைகளில் விழக்கூடிய 36 சேர்க்கைகளில் அது ஒன்றே ஒன்று. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். திரையில் பகடைகள் உருண்டு நின்றன. ஆறும் ஆறும்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 15 காய்கள், மொத்தம் 24 கட்டங்கள். பகடைகளை உருட்டிக் காய்களைத் தன் வீடாகிய கடைசி ஆறு கட்டங்களுக்குள் கொண்டுவந்து, பிறகு எல்லாவற்றையும் பலகையிலிருந்து முதலில் எடுத்து முடிப்பவர் வெல்கிறார். தனியாக நிற்கும் காயை எதிராளி வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் பலகையின் நடுத்தடுப்பில் நின்று, எதிராளியின் வீட்டில் திறந்திருக்கும் கட்டம் ஒன்றுக்கான எண் விழும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பகடைகளிலும் ஒரே எண் விழுந்தால் அந்த எண்ணை நான்கு முறை ஆடலாம். அதனால்தான் ஓர் இரட்டை ஆறு நான்கு காய்களையும் ஒரே வீச்சில் கொண்டுபோனது.

தோற்ற அடுத்த நொடியே அரட்டைப் பெட்டியில் எழுதினேன்: "உங்கள் பகடைக்கு வாழ்த்துகள். ஆட்டத்தை அதுவே ஆடி முடித்துவிட்டது." எங்கள் இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில்தான் இதை எழுதினேன் என்றாலும், அதன் கசப்பு எந்த மொழியிலும் புரியக்கூடியது. ஒரு நிமிடம் போலப் பதில் வரவில்லை. பிறகு இரண்டு வரிகள் வந்தன. "முதல் ஆட்டத்தில் என் காய் மூன்று முறை உள்ளே நுழைய முடியாமல் நின்றது. அப்போது நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே." அதோடு அவர் வெளியேறிவிட்டார்.

முதல் ஆட்டத்தில் அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு நினைவே இல்லை. பொய் சொல்கிறார் என்றே முதலில் எண்ணினேன். அந்தத் தளம் ஒவ்வொரு போட்டியின் ஏட்டையும் சேமித்து வைக்கும் என்பதால், அதைத் திறந்து ஒவ்வொரு நகர்வாகப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. அவருடைய காயை நான் வெட்டியபோது என் வீட்டின் ஆறு கட்டங்களில் மூன்று மட்டுமே மூடியிருந்தன. அந்த நிலையில் உள்ளே நுழைய முடியாமல் போவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. தொடர்ந்து மூன்று முறை அப்படி ஆவதென்றால் அறுபத்து நான்கில் ஒன்று. நான் அவ்வளவு புலம்பிய இரட்டை ஆறோ முப்பத்தாறில் ஒன்று. என்னைவிட அரிதான துரதிர்ஷ்டம் அவருக்கு நேர்ந்திருக்கிறது. அது நிகழ்ந்த நேரத்தில் நான் பலகையின் மறுபக்கம் உட்கார்ந்து, என் ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதோடு நிறுத்தாமல் அந்தப் போட்டியை குனு பேக்கேமன் என்னும் இலவச மென்பொருளில் ஏற்றிப் பார்த்தேன். அதிர்ஷ்டத்தை அளக்கும் வழி ஒன்று அதில் உண்டு. ஒவ்வொரு முறை பகடை விழும்போதும், வேறுபட்ட 21 சேர்க்கைகளில் எது விழுந்திருந்தால் நிலை எப்படி ஆகியிருக்கும் என்று அது கணக்கிடுகிறது. இரட்டைகள் 36இல் ஒரு முறையும் மற்றவை இரண்டு முறையும் விழக்கூடியவை என்பதால் அந்த எடையைச் சேர்த்துச் சராசரி எடுத்து, உண்மையில் விழுந்த எண் அந்தச் சராசரிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று எழுதி வைக்கிறது. நன்றாக ஆடினோமா என்பது தனிக் கணக்கு. பகடை நன்றாக விழுந்ததா என்பது தனிக் கணக்கு. இரண்டாவது கணக்கில், போட்டி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அதிர்ஷ்டம் சற்றே என் பக்கம் சாய்ந்திருந்தது. கடைசி ஆட்டத்திலேயே, முடிவுக்குச் சில முறைகளுக்கு முன், எனக்கு இரட்டை ஐந்து விழுந்திருக்கிறது. ஒரு முறை உருட்டினால் சராசரியாக எட்டு கட்டங்களுக்குச் சற்று மேல் நகரலாம். இரட்டை ஐந்து 20 கட்டங்கள் நகர்த்தும். ஓட்டத்தில் பின்தங்கியிருந்த என்னை முன்னே கொண்டுவந்து நிறுத்தியதே அந்த இரட்டை ஐந்துதான். அவருடைய இரட்டை ஆறு ஒருவகையில் அதற்கான பதில். நல்ல நகர்வுகள் என்று நான் நம்பியிருந்தவற்றில் இரண்டைத் தவறு என்று மென்பொருள் குறித்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை அறியாத வயதில் நான் இல்லை. ஆனாலும் என் கூடம் கோணல்தான் என்று ஒரு முன்பின் அறியாத மனிதரிடம் போய் முறையிட்டிருக்கிறேன்.

அந்த இரவுக்குப் பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். தனக்கு வாய்த்த நல்வாய்ப்பை மனம் அதிர்ஷ்டம் என்ற பெயரில் பதிவு செய்வதே இல்லை. திறமை என்றோ, எதிர்பார்த்தது நடந்தது என்றோதான் பதிவு செய்கிறது. விளையாட்டு வடிவமைப்பாளர் சிட் மையர் 2010இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் ஆற்றிய உரையில் இதைத் தெளிவாகச் சொன்னார். சிவிலைசேஷன் ரெவல்யூஷன் விளையாட்டைச் சோதித்தவர்களுக்கு, மூன்றுக்கு ஒன்று என்று பலம் தம் பக்கம் இருக்கும் சண்டையில் தோற்பது பொறுக்கவில்லை. மூன்று என்பது ஒன்றைவிடப் பெரியதாயிற்றே, எப்படித் தோற்கலாம் என்று கேட்டார்கள். அதே மனிதர்கள் ஒன்றுக்கு மூன்று என்று பலம் குறைந்த சண்டையில் வென்றபோது ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. இரண்டும் ஒரே கணக்கு. நான்கில் ஒரு முறை நடப்பது எனக்கு எதிராக நடந்தால் அநியாயம், எனக்குச் சாதகமாக நடந்தால் இயல்பு. என் அரட்டைப் பெட்டியில் அன்று நடந்தது இதுவேதான்.

எதிராளி ஒரு கணினியாக இருக்கும்போது வடிவமைப்பாளர்கள் இந்த மனக்குறையைத் தணித்துவிட முடியும். ஃபயர் எம்பளம் தொடரில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த விளையாட்டில், அடி படுமா என்பதைத் தீர்மானிக்க ஒரு தற்செயல் எண்ணுக்குப் பதிலாக இரண்டை எடுத்து அவற்றின் சராசரியைப் பயன்படுத்தினார்கள். அதனால் திரையில் 90 விழுக்காடு என்று காட்டப்படும் அடி உண்மையில் ஏறத்தாழ 98 விழுக்காடு படும். ஆடுபவரின் உள்ளுணர்வு 90 என்பதை எப்படி உணர்கிறதோ அதற்கு ஏற்பக் கணிதத்தை வளைத்துவிட்டார்கள். மறுபக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் ஆட்டத்தில் இதைச் செய்ய வழியே இல்லை. என் பகடையில் கூட்டப்படும் ஒவ்வொரு துளியும் அவருடைய பாத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டாக வேண்டும். என் துரதிர்ஷ்டம் என்று நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், அதே கணத்தில், அவருடைய அதிர்ஷ்டம் என்றும் பொருள்படுகிறது. நமக்கு வேண்டிய நண்பரிடம் போய், இன்று பகடை என்னைக் கைவிட்டுவிட்டது என்று சொன்னால் அது வெறும் புலம்பல். ஆட்டத்தில் எதிரே இருப்பவரிடமே அதைச் சொன்னால் அது குற்றச்சாட்டு. நீ வெல்லவில்லை, உனக்குக் கொடுக்கப்பட்டது என்கிறோம்.

வென்றவர் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஆம் என்றால் தன் வெற்றியைத் தானே மறுத்தாக வேண்டும். இல்லை என்றால் எதிரே இருப்பவரின் வலியை மறுத்தாக வேண்டும். மன்னியுங்கள் என்றால், தான் செய்யாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டாக வேண்டும். சீட்டாட்டக்காரர்கள் 'பேட் பீட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். போக்கரில் கையில் இரண்டு ஏஸ் இருக்க, எதிராளி அதைவிடப் பலம் குறைந்த இரண்டு கிங் வைத்துக்கொண்டு வென்றுவிட்டுப் போவது போன்ற தோல்விகளுக்கு அது பெயர். கிங் வைத்திருப்பவர் நூறில் ஏறத்தாழ 18 முறை வெல்வார். ஐந்தாறு ஆட்டத்துக்கு ஒரு முறை நடப்பதை உலக அதிசயமாகச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். அந்தக் கதைகளை யாரும் கேட்க விரும்புவதில்லை என்பது அந்த மேசைகளில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், வென்றவரைப் பார்த்தே அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பகடையே பொய் என்ற குற்றச்சாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். இணையத்தில் பேக்கேமன் ஆடுவதற்கான முதல் சேவையகமான ஃபிப்ஸை ஆண்ட்ரியாஸ் ஷ்னைடர் 1992இல் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை, எந்தச் சேவையகமானாலும், அதன் பகடை சரியில்லை என்று சொல்பவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். கையால் உருட்டும் பகடையில் இப்படியெல்லாம் விழுவதில்லையே என்று உண்மையிலேயே தோன்றும். அப்படித் தோன்றுவதற்கு நேர்மையான காரணம் ஒன்று இருக்கிறது. மரப்பலகையில் உட்கார்ந்து ஆடும்போது காயை எடுத்து வைக்கவும், எண்ணவும், பகடையைக் குலுக்கவும் நேரம் ஆகிறது. திரையில் அந்த வேலையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் ஒரே மாலையில் பல மடங்கு ஆட்டங்கள் ஆடிவிடுகிறோம். ஓர் ஆட்டத்தில் இருவரும் சேர்ந்து 40, 50 முறை பகடையை உருட்டுகிறோம் என்று வைத்துக்கொண்டால், இரட்டை ஆறு சராசரியாக ஆட்டத்துக்கு ஒரு முறைக்கு மேலேயே விழ வேண்டும். இருபது ஆட்டம் ஆடினால் ஆயிரம் முறை உருட்டல். அதில் இரட்டை ஆறு 28 முறை போல விழும். அந்த 28இல் ஒன்றிரண்டு, விழவே கூடாத இடத்தில் விழாமல் இருந்தால்தான் வியப்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். காக்கைகள் இவ்வளவு அடர்த்தியாகப் பறந்தால் எத்தனையோ பழங்கள் அவை உட்காரும்போதே விழுந்துகொண்டிருக்கும்.

தோல்விகள் தொடர்ந்து வருவதும் அப்படியே. சமபலம் உள்ள இருவர் 100 ஆட்டம் ஆடினால், குறிப்பிட்ட ஒருவர் எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்கள் தோற்பதற்கான வாய்ப்பு 80 விழுக்காட்டையும் தாண்டுகிறது. தொடர்ந்து ஆறு தோற்பதற்கான வாய்ப்பே பாதிக்கு மேல். பட்ட காலிலே படும் என்பதை நாம் விதியின் வன்மமாக எடுத்துக்கொள்கிறோம். நாணயத்தைச் சுண்டினாலும் அதே காலில்தான் படுகிறது. நான்காவது தோல்விக்குப் பிறகு, இனி எனக்கு விழ வேண்டிய முறை என்று நினைத்து ஆடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பகடைக்கு நினைவு கிடையாது என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. தெரிந்திருப்பது அந்த நேரத்தில் உதவுவதில்லை.

முகம் தெரியாத எதிராளியிடம் பேசுவது ஏன் இவ்வளவு எளிதில் கெட்டுப்போகிறது என்பதைப் பலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் எழுதிய கட்டுரையில், இணையத்தில் மனிதர்களின் கூச்சமும் கட்டுப்பாடும் தளர்ந்துபோவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தினார்: பெயர் தெரியாமை, முகம் தெரியாமை, பதில் உடனே வந்தாக வேண்டியதில்லை என்ற நிலை, எதிரே இருப்பவரை நம் மனத்துக்குள் நாமே உருவாக்கிக்கொள்வது என்று அது நீள்கிறது. கடைசியாகச் சொன்னதே எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது. இரட்டை ஆறு விழுந்தபோது எதிரே ஓர் இளிப்பு இருப்பதாக நான் கற்பனை செய்துகொண்டேன். அவரோ ஒருவேளை எனக்காக வருந்தியிருக்கலாம். அல்லது தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, தன் கண்ணையே நம்பாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

விளையாட்டுகளை உருவாக்குபவர்கள் இந்தச் சிக்கலுக்குப் பேச்சைச் சுருக்குவதன் மூலம் விடை தேடினார்கள். சதுரங்கத் தளமான லீசெஸில் ஆட்டத் தொடக்கத்தில் வணக்கம், நல்வாய்ப்பு அமையட்டும், மகிழ்ந்து ஆடுங்கள், உங்களுக்கும் அவ்வாறே என்று நான்கு பொத்தான்கள் தோன்றும். முடிவில் நல்ல ஆட்டம், நன்றாக ஆடினீர்கள், நன்றி போன்றவை. பகடையே இல்லாத ஓர் ஆட்டத்தில் நல்வாய்ப்பை வாழ்த்துகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். வெள்ளைக் காய் யாருக்கு என்பதைத் தவிர அங்கே தற்செயலுக்கு இடம் இல்லை என்று தோன்றும். ஆனால் எதிராளி எதைக் கவனிக்கத் தவறுகிறார் என்பதும் நமக்கு வாய்ப்பதுதானே. 2014இல் வெளிவந்த ஹார்த்ஸ்டோன் சீட்டாட்டத்தில் முன்பின் அறியாத எதிராளிக்கு எதையும் தட்டச்சு செய்யவே முடியாது. ஆறு சொற்றொடர்கள் மட்டுமே உண்டு. வசைச்சொல்லுக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

வழி இருந்தது. அந்த ஆறில் ஒன்று 'மன்னிக்கவும்' என்பது. எதிராளியின் ஆட்டத்தையே முறித்துப்போடும் சீட்டு ஒன்று அதிர்ஷ்டவசமாகக் கையில் வந்ததும், அதை மெல்ல இறக்கிவிட்டு, மன்னிக்கவும் என்ற பொத்தானை அழுத்துவார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் நான் கண்டதில்லை. 2016இல் அந்தச் சொற்றொடரையே எடுத்துவிட்டு, அதன் இடத்தில் வியப்பொலி ஒன்றை வைத்தார்கள். அதையும் ஆட்டக்காரர்கள் கேலிக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். கார்களை ஓட்டிப் பந்தாடும் ராக்கெட் லீக்கில் கோலைத் தடுத்தவரைப் பாராட்டுவதற்காக வைக்கப்பட்ட "என்ன ஒரு தடுப்பு!" என்ற சொற்றொடர், தடுக்கத் தவறியவரின் மீதுதான் அதிகம் எறியப்படுகிறது. கிளாஷ் ராயல் என்ற கைபேசி விளையாட்டில் சிரிக்கும் அரசன், அழும் அரசன் என்ற உணர்ச்சிக் குறிகள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. விளையாட்டு வெளிவந்த 2016ஆம் ஆண்டிலேயே எதிராளியின் உணர்ச்சிக் குறிகளை மியூட் செய்யும் வசதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த 'மன்னிக்கவும்' என் சிந்தனையை வெகுநாள் தடுமாற வைத்தது. ஏனென்றால், நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசும் உரிமை அது யாருக்கு வாய்த்ததோ அவருக்கே உரியது. தோற்றவர் அதைச் சொன்னால் வென்றவரிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறார். வென்றவர் சொன்னால் தன்னிடமிருப்பதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறார். ஆனால் ஹார்த்ஸ்டோனில் வென்றவர்தானே மன்னிக்கவும் என்றார்? அது ஏன் கொடையாகவில்லை? நெடுநாள் யோசித்தபின், வேறுபாடு அது சொல்லப்படும் நேரத்தில் இருக்கிறது என்று உணர்ந்தேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது எதிராளி இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார். அப்போது மன்னிக்கவும் என்பது, ஆட்டம் முடிந்துவிட்டது, நீ தோற்றுவிட்டாய் என்று அவருக்கு முன்கூட்டியே அறிவிப்பதாகும். அவர் கையில் இன்னும் இருக்கும் வாய்ப்புகளை அவர் எண்ணி முடிக்கும் முன்பே நாம் எண்ணி முடித்துவிடுகிறோம். ஆட்டம் முடிந்த பிறகு அதே சொல்லுக்கு இந்தக் கூர்மை இல்லை. அத்துடன், பொத்தானில் இருக்கும் ஆயத்தச் சொல்லுக்கும், குறிப்பிட்ட ஒரு நகர்வைச் சுட்டிச் சொல்லும் சொல்லுக்கும் நிறைய தூரம் உண்டு. "மன்னிக்கவும்" என்பதை யாரும் எதற்கும் அழுத்தலாம். "பதினைந்தாவது முறை எனக்கு விழுந்த நான்கு-இரண்டுதான் ஆட்டத்தைத் திருப்பியது, அதுவரை நீங்கள்தான் முன்னே இருந்தீர்கள்" என்பதை, ஆட்டத்தைக் கவனித்த ஒருவர் மட்டுமே எழுத முடியும்.

அரட்டையையே மூடிவிடலாமே என்று கேட்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற இணைய அணி விளையாட்டில் எதிரணியோடான அரட்டையை இயல்பிலேயே அணைத்து வைத்து, வேண்டுபவர்கள் மட்டும் திறந்துகொள்ளலாம் என்று செய்து பார்த்ததைப் பற்றி, அதை உருவாக்கிய நிறுவனத்தில் பணியாற்றிய ஜெஃப்ரி லின் 2013இல் விளக்கினார். கெட்ட பேச்சு 30 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது; நல்ல பேச்சு 30 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது; அரட்டையைப் பயன்படுத்தியவர்களின் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. வாசலில் ஒரு சிறு படியை வைத்ததும், அதைத் தாண்டி வருபவர்கள் பேச வேண்டும் என்று எண்ணியே வருகிறார்கள். பின்னர் 2021இல் அதே விளையாட்டில் எதிரணியோடான அரட்டையைச் சில காலம் முழுவதுமாகவே மூடினார்கள். நான் மூடுவதை விரும்பவில்லை. எனக்கு அன்று பதில் எழுதியவர் அந்த இரண்டு வரிகளை எழுத முடியாமல் போயிருந்தால், நான் இன்றும் இரட்டை ஆறுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

தோல்வியின் எரிச்சலில் நிதானம் இழப்பதை ஆட்டக்காரர்கள் 'டில்ட்' என்பார்கள். பின்பால் என்ற பழைய எந்திர விளையாட்டிலிருந்து அந்தச் சொல் வந்ததாகச் சொல்வார்கள், ஆனால் அதற்கு வரலாறு தேடவேண்டியதில்லை. 'டில்ட்' ஆவது என்றால் என்ன என்பது ஆடுகிற எல்லோருக்கும் உடம்பிலேயே தெரியும். காதுமடல் சூடாகும். மவுஸைப் பிடித்திருக்கும் கை இறுகும். அடுத்த நகர்வை எண்ணிப் பார்க்காமலே ஆடிவிடுவோம். அந்த நிலையில் எழுதப்படும் எந்த வரியும் ஆட்டத்தைப் பற்றியதாக இருக்காது. ஆகவே எதிராளியின் பகடை விழுந்த பிறகு என் முறை முடியும்வரை அரட்டைப் பெட்டியைத் தொடுவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறேன். வலப்பக்கத்தில் எதிராளிக்கு வாய்த்த அதிர்ஷ்டம், இடப்பக்கத்தில் எனக்கு வாய்த்தது. முதல் வாரத்தில் வலப்பக்கம் தானாகவே நிரம்பியது. இடப்பக்கத்தில் எழுத ஒன்றுமே தென்படவில்லை. போட்டி ஏடுகளைத் திரும்பப் பார்த்து எழுதத் தொடங்கியபோதுதான் இடப்பக்கமும் வலப்பக்கத்துக்குக் குறையாமல் நிரம்பியது. வெட்டுப்படாமல் தப்பிய தனிக்காய்கள் அதில் நிறைய. ஆறு கட்டத் தொலைவில் நிற்கும் காயை வெட்ட 36இல் 17 வழிகள் உண்டு. அப்படி நின்ற என் காய் தப்பியபோதெல்லாம், சரியான இடத்தில் வைத்தேன் என்றே நினைத்து வந்திருக்கிறேன்.

இணைப்பு அறுந்துபோவதும் துரதிர்ஷ்டத்தில் சேர்த்திதான். அதில் யாருடைய நோக்கத்தையும் நம்மால் அறிய முடியாது. தோற்கப்போகிறவர் வேண்டுமென்றே ஓடிவிட்டார் என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். சதுரங்கத் தளத்தில் எதிராளி மறைந்துவிட்டால் சற்று நேரத்தில் வெற்றியைக் கோரவோ சமன் என்று அறிவிக்கவோ பொத்தான்கள் வரும். நிலை சமமாக இருந்தால் நான் சமனைத்தான் அழுத்துகிறேன். கடிகாரம் ஓட இடமிருந்தால் காத்திருக்கவும் செய்கிறேன்.

எனக்கு இன்னும் கடினமாக இருப்பது வேறொன்று. நான் வெல்லும்போது எதிராளி புலம்பினால் என்ன சொல்வது? முன்பெல்லாம் கணக்கைச் சொல்வேன். இது ஒன்றும் அரிதல்ல, ஆறில் ஒரு முறை இரட்டை விழும் என்பேன். சரியான கணக்கு, தவறான நேரம். அடிபட்டவரிடம் அடியின் நிகழ்தகவைச் சொல்வது ஆறுதல் ஆகாது. இப்போது அப்படி ஓர் எண் எனக்கு விழுந்ததை ஒப்புக்கொள்கிறேன், என் நகர்வுகளைத் தற்காப்பதில்லை. "ஆம், அது கடுமையான எண்" என்று மட்டும் எழுதுகிறேன். பெரும்பாலானோர் அதோடு அமைதியாகிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் நடந்ததைப் பார்த்த இன்னொரு சாட்சி, அவ்வளவுதான். சிலர் வசையில் இறங்குவார்கள். அவர்களோடு வாதாடாமல் மியூட் செய்துவிடுகிறேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. பொறுமை என்பது வசையைக் கேட்டுக்கொண்டிருப்பது என்று நான் நினைக்கவில்லை.

ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து அதே பெயர் எனக்கு எதிராளியாக வந்தது. அவருக்கு என்னை நினைவிருந்ததா என்று தெரியவில்லை. வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார். இம்முறை ஐந்து புள்ளிகளுக்கான போட்டி. நன்றாக ஆடினார். கடைசி ஆட்டத்தில் என் காய் ஒன்று நடுத்தடுப்பில் நிற்க, அவர் வீட்டில் ஒரே ஒரு கட்டம்தான் திறந்திருந்தது. அதற்கான எண் விழ 36இல் 11 வழிகள். முதல் முறையே விழுந்தது. அதே வீச்சில் அவருடைய தனிக்காய் ஒன்றும் வெட்டுப்பட்டது. என் கை அரட்டைப் பெட்டியின் பக்கம் போகவில்லை. அவரும் ஒன்றும் எழுதவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு முறை ஆடி, கடைசிக் காயை எடுத்த பிறகு எழுதினேன்: "நுழைந்து வெட்டிய அந்த ஓர் எண் இல்லாவிட்டால் இந்தப் போட்டி உங்களுடையது. அதுவரை உங்கள் ஆட்டத்தில் நான் ஒரு தவறும் காணவில்லை."

சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "ஒரு தவறு இருந்தது. அந்தக் காயைத் தனியாக விட்டிருக்கக் கூடாது" என்று எழுதினார். கீழே, மறுபோட்டிக்கான அழைப்பு வந்து நின்றது.